சத்து மாத்திரை வாங்கும் முன்

"எப்போதும் சோர்வாகவே இருக்கிறது, ஏதாவது நல்ல சத்து மாத்திரையாகக் கொடுங்கள்" என்று யாரேனும் ஒருவர் கேட்காமல் எங்கள் மருந்துக்கடையில் ஒரு நாளும் முடிவதில்லை. எந்தச் சத்து குறைந்திருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலானோர் சிரித்துவிட்டு, "எல்லாம் கலந்ததாகக் கொடுங்களேன்" என்பார்கள். எல்லாம் கலந்த மாத்திரையில் எல்லாமே சிறிது சிறிதாகத்தான் இருக்கும். உண்மையிலேயே இரும்புச்சத்து குறைந்தவருக்கு அதிலுள்ள இரும்பு போதாது. குறையே இல்லாதவருக்கு அதில் உள்ள எதுவும் தேவைப்படாது. ஆகவே முதன்முறையாகச் சத்து மாத்திரை எடுக்க நினைப்பவர் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். முதலில் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க வேண்டும், பிறகு இரத்தத்தைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு சமையலறையைத் திருத்த வேண்டும், மாத்திரை கடைசியில்தான் வர வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் இந்த வரிசையைத் தாங்களாகவே பின்பற்றாமல் மருத்துவரிடமிருந்து தொடங்குவதே முறை.

வயிறு நிறைந்தும் சத்து குறைவது எப்படி

வயிறு நிறைவதும் சத்து நிறைவதும் வெவ்வேறு என்று ஆய்வுக்கூடத்தில் காட்டிய வேலையில் ஒரு பகுதி நம் நீலகிரியில்தான் நடந்தது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கிய சிறு கூடம், 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்று பெயர் பெற்று, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்னும் பி1 வைட்டமினும் போய்விடுகிறது என்பதும், அரிசியையே முழுக்க நம்பி வாழ்பவருக்கு அதனால் பெரிபெரி வருகிறது என்பதும் அக்காலத்து ஆய்வுகளால் தெளிவான செய்திகள். நெல்லை அவித்துப் புழுங்கலரிசியாக்கும்போது தவிட்டிலுள்ள அந்த வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடும். புழுங்கல் சோறு உண்ட பகுதிகளைப் பெரிபெரி அதிகம் அண்டாததற்கு அதுவே காரணம்.

பெரிபெரி இன்று அரிதாகிவிட்டது, ஆனால் தட்டின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. நடுவில் குன்றுபோல் சோறு, அதன்மேல் பருப்பு அடியில் தங்கிவிட்ட சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி காய். முன்பு இதோடு கம்பு, கேழ்வரகு, கீரை, கருவாடு, வீட்டு மோர் என ஏதேனும் ஒன்று சேர்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் இப்போது பிஸ்கட், பரோட்டா, எண்ணெயில் பொரித்தவை, இனிப்பான பானங்கள் வந்து அமர்ந்துவிட்டன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளின் கலோரியில் 45 சதவீதத்துக்கு மேல் தானியத்திலிருந்து வரக்கூடாது என்கிறது. நம்மவர்களின் உணவில் அது 50 முதல் 70 சதவீதம் வரை இருப்பதாகவும் அதே வழிகாட்டி சொல்கிறது.

இதன் விளைவு எண்ணிக்கையிலும் தெரிகிறது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கும் இரத்தசோகை இருந்தது. பசி பட்டினி மலிந்த மாநிலம் என்று தமிழ்நாட்டை யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தும் பாதிக்கு மேற்பட்ட பெண்களின் நிலை இதுதான்.

முதல் படி: மூன்று நாள் கணக்கு

ஒரு நோட்டை எடுத்து, இரண்டு வேலை நாள்களும் ஒரு விடுமுறை நாளுமாக மூன்று நாள்களுக்கு, வாயில் போட்ட ஒவ்வொன்றையும் எழுதுங்கள். டீயோடு கடித்த பிஸ்கட்டையும், குழந்தை மிச்சம் வைத்ததைத் தின்றதையும் விடாமல் எழுத வேண்டும். நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும் நாள்களைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு பொய்யாகும்.

எப்படிக் கணக்கிடுவது என்பதற்குப் புரதத்தையே எடுத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம். இப்போது ஒரு சாதாரண நாளைப் பார்க்கலாம். காலையில் மூன்று இட்லி, அதில் சுமார் 6 கிராம். மதியச் சோற்றுக்குப் போட்ட 100 கிராம் அரிசியில் 8 கிராம். சாம்பாரில் உங்கள் பங்குக்கு வந்த பருப்பு 20 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் அதில் 4 கிராமுக்குச் சற்று மேல். நாள் முழுக்கக் குடித்த டீயிலும் மோரிலும் இருந்த பாலைக் கூட்டினால் ஒரு டம்ளர், அதில் 6 கிராம். இரவு மூன்று தோசையில் 7 கிராம். பிஸ்கட், காய், சட்னி எல்லாவற்றுக்குமாக இன்னும் 4 கிராம் சேர்த்தாலும் மொத்தம் 35 கிராம்தான் தேறுகிறது. வயிறு மூன்று வேளையும் நிறைந்திருந்தும் 15 கிராம் குறைகிறது. இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும். அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பொடி டப்பா வாங்க வேண்டியதில்லை.

புரதம் முடிந்ததும் அதே நோட்டில் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். மூன்று நாளில் கீரை எத்தனை முறை வந்தது? முட்டை, மீன், இறைச்சி, பால், தயிர் ஆகியவற்றில் எது, எவ்வளவு வந்தது? பழம் வந்ததா? காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் எவ்வளவு நேரம் கையிலும் முகத்திலும் வெயில் பட்டது? இந்த நான்கு விடைகளிலும் முறையே இரும்பும் ஃபோலேட் என்னும் பி வைட்டமினும், பி12-உம் கால்சியமும், வைட்டமின் சி-யும், வைட்டமின் டி-யும் அடங்கிவிடும். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளையும் ஓரமாக எழுதி வையுங்கள், ஏனென்றால் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும், பலர் காலையில் பல் துலக்கியவுடன் விழுங்கும் பாண்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளும் ஆண்டுக்கணக்கில் தொடரும்போது பி12-ஐக் குறைக்கக்கூடியவை.

இரண்டாம் படி: பரிசோதனை

நோட்டு சந்தேகத்தை எழுப்பும், உறுதி செய்யாது. சோர்வுக்குத் தைராய்டு குறைபாடு, கட்டுக்கு அடங்காத சர்க்கரை, தூக்கமின்மை எனச் சத்தோடு தொடர்பில்லாத காரணங்களும் உண்டு. அதனால் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதித்தரும் பரிசோதனைகளை மட்டும் செய்துகொள்ளுங்கள். ஆய்வகங்கள் விளம்பரப்படுத்தும் எண்பது, நூறு சோதனைகள் கொண்ட மொத்தத் தொகுப்பு தேவையில்லை. அத்தனை எண்களில் ஏதேனும் ஒன்று எல்லைக்கு வெளியே இருக்கத்தான் செய்யும், அதைத் துரத்திக்கொண்டு இன்னொரு மாதம் அலைய நேரும்.

பெரும்பாலானோருக்கு நான்கு சோதனைகள் போதும். சி.பி.சி. என்னும் இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை முதலாவது. இதில் ஹீமோகுளோபின் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும், ஆணுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் கீழே இருந்தால் இரத்தசோகை. அதே தாளில் எம்.சி.வி. என்றொரு எண் இருக்கும், அது சிவப்பணுவின் அளவைச் சொல்வது. இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்திருக்கும். பி12 அல்லது ஃபோலேட் குறைந்தால் பெருத்திருக்கும். இரண்டும் சேர்ந்தே குறைந்தவருக்கு அளவு இயல்பாகத் தெரிந்து ஏமாற்றுவதும் உண்டு. இரண்டாவது ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புக் கையிருப்பு. ஹீமோகுளோபின் விழுவதற்கு முன்பே இது விழுந்துவிடும் என்பதால் முன்னெச்சரிக்கைக்கு நல்லது. ஆனால் காய்ச்சலோ வீக்கமோ இருக்கும்போது பொய்யாக உயர்ந்து காட்டும், ஆகவே உடம்பு சரியில்லாத வாரத்தில் இதை எடுக்கக்கூடாது. மூன்றாவது பி12, நான்காவது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. பி12 பெரும்பாலான ஆய்வகங்களின் அளவுகோலில் 200-க்குக் கீழே இருந்தால் குறை. 200 முதல் 300 வரை இருந்தால் கை கால் மதமதப்பு, மறதி போன்ற அறிகுறிகளையும் சேர்த்து மருத்துவர் முடிவு செய்வார். வைட்டமின் டி 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறை என்று கொள்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்பு குறைந்திருந்தால், உணவில் போதவில்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். மூலம், குடற்புண், அடிக்கடி விழுங்கிய வலி மாத்திரைகள், அரிதாகக் குடலில் கட்டி என எங்கேயோ இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். கசிவைக் கண்டுபிடிக்காமல் இரும்பு மாத்திரையை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதோடு நிற்காது. ஓட்டை இருப்பதையே தெரியாமல் செய்துவிடும்.

மூன்றாம் படி: சமையலறையைத் திருத்துதல்

பரிசோதனை முடிவு கையில் வந்தவுடன் மாத்திரைக்குப் பறக்க வேண்டாம், ஆனால் "கீரை சாப்பிட்டாலே எல்லாம் சரியாகிவிடும்" என்று இருந்துவிடவும் வேண்டாம். இந்த இரண்டாவது தவறை நன்றாகப் படித்தவர்களும் செய்கிறார்கள். நூறு கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது சுமார் 4.5 மில்லிகிராம் இரும்பு. மாதவிடாய் உள்ள வயதில் ஒரு பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 29 மில்லிகிராம். தாவர உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட நம் குடல் எடுத்துக்கொள்வதில்லை. ஏற்கெனவே ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிவிட்ட ஒருவரைக் கீரையால் மட்டும் மீட்க முடியாது. இறங்காமல் காப்பதற்கும், மாத்திரையால் ஏறியதை நிலைநிறுத்துவதற்கும்தான் உணவு.

இரும்பைப் பொறுத்தவரை என்ன தின்கிறோம் என்பதைப் போலவே எதோடு தின்கிறோம் என்பதும் முக்கியம். கீரைப் பொரியலின்மேல் பிழிந்த அரை எலுமிச்சை, சாப்பாடு முடிந்ததும் ஒரு கொய்யா, ஊறுகாயாக இல்லாமல் பச்சையாகக் கடித்த ஒரு நெல்லிக்காய், இவற்றின் வைட்டமின் சி தாவர இரும்பை உடல் ஏற்கும்படி மாற்றுகிறது. டீயும் காபியும் இதற்கு நேரெதிர். சாப்பிட்டு எழுந்தவுடன் குடிக்கும் டீ, தட்டிலிருந்த இரும்பில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டுவிடும். உணவுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுவது என்ற ஒரே பழக்கம், காசு செலவில்லாமல் கிடைக்கும் இரும்புச்சத்து. மீனும் ஆட்டு ஈரலும் உண்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு; அந்த இரும்பு எளிதில் உடலில் சேரும்.

கால்சியத்துக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். 50 கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழில் சுமார் 180, பாலும் தயிருமாக 300 மில்லியில் சுமார் 350, அரைப்பிடி முருங்கைக்கீரை அல்ல, ஆய்ந்து எடுத்த 50 கிராம் கீரையில் சுமார் 155, ஓர் எள்ளுருண்டையில் உள்ள 10 கிராம் கறுப்பு எள்ளில் சுமார் 115. இதுவே 800. எள்ளின் தோலிலுள்ள ஆக்ஸலேட் அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், என்றாலும் நெத்திலியை முள்ளோடு தின்பவர்களுக்கு மீதி 200 பெரிய விஷயமில்லை. பால் பிடிக்காதவர்கள் இந்தக் கணக்கில் 350-ஐக் கழித்துவிட்டு அதற்கு ஈடாக என்ன வைக்கலாம் என்று பார்க்க வேண்டும். அவர்களுக்குத்தான் மாத்திரை பற்றி யோசிக்கும் நியாயம் அதிகம்.

பி12 தாவரங்களில் நம்பத்தக்க அளவில் இல்லை. முற்றிலும் சைவமாக இருப்பவர், நாளொன்றுக்குத் தேவையான 2.2 மைக்ரோகிராமைப் பாலிலிருந்து மட்டும் பெற வேண்டுமானால் ஏறத்தாழ அரை லிட்டர் பாலோ தயிரோ உள்ளே போக வேண்டும். மூன்று டீயில் கலந்த பால் அந்தக் கணக்குக்கு வராது. பழைய சோறு புளிக்கும்போது பி12 உண்டாகும் என்று சிலர் சொல்வார்கள். அது வயிற்றுக்கு நல்லதுதான், நானும் சித்திரை வைகாசியில் சின்ன வெங்காயத்தோடு அதைத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் அதை நம்பி பி12 குறையைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசி மாத்திரையிலுள்ளதாகச் சொல்லப்படும் பி12-இல் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

நியாயவிலைக் கடை அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு, ஃபோலிக் அமிலம் (ஃபோலேட்டின் செயற்கை வடிவம்), பி12 சேர்த்துச் செய்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்த செறிவூட்டிய அரிசி அண்மை ஆண்டுகளில் அங்கே வந்திருக்கிறது. நிறமும் எடையும் சற்று மாறியிருப்பதால், கழுவும்போது மிதக்கும் அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று நினைத்துப் பொறுக்கி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை அரிசி மாவில் சத்தைக் கலந்து அரிசி வடிவில் வார்த்தவை, எறிய வேண்டியதில்லை. தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் இரும்பு சேர்த்த எந்த உணவைப் பற்றியும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வைட்டமின் டி-யைச் சமையலறையில் தேடுவது வீண். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்கும் வெயிலிலும் அது கிடைக்காது, ஏனென்றால் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை ஆறரை மணி இளவெயிலும் இதற்கு உதவாது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே சரியான நேரம். கருத்த தோலுக்குச் சிவந்த தோலைவிட அதிக நேரம் தேவைப்படும். குளிரூட்டிய அறையில் வேலை, மூடிய வண்டியில் பயணம், மாலையில் மட்டும் நடைப்பயிற்சி என்று வாழ்பவருக்கு, வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தும் இது குறைவது இதனால்தான்.

நான்காம் படி: அட்டையைப் படித்தல்

ஒரே வைட்டமின், மருந்தாகவும் விற்கப்படலாம், உணவுப் பொருளாகவும் விற்கப்படலாம். மருந்தாக இருந்தால் அட்டையில் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். உணவுத் துணைப்பொருளாக இருந்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னமும் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். 2016-இல் வந்த உணவுத் துணைப்பொருள் விதிமுறைகளின்கீழ் வரும் இத்தகைய பொருள், நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அப்படிச் சொல்லும் டப்பாவை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது, அளவு. கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அதில் உள்ள உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம்தான், ஏனென்றால் அந்த உப்பின் எடையில் 40 சதவீதமே கால்சியம். சிட்ரேட்டாக இருந்தால் 21 சதவீதம். இரும்பிலும் இதே கதைதான். 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் சுமார் 65 மில்லிகிராமே இரும்பு. வேறு சில அட்டைகளில் உப்பின் எடையை விட்டுவிட்டு இரும்பின் எடையை நேரடியாகவே போட்டிருப்பார்கள். பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல், எலிமென்டல், அதாவது உப்பைக் கழித்த உண்மையான சத்தின் எடை, என்ற சொல் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். பி12 மாத்திரையில் தினத் தேவை 2.2 ஆக இருக்க 1500 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். வாய்வழியாகப் பெரிய அளவில் கொடுக்கும் பி12-இல் நூற்றில் ஒரு பங்கு அளவே உள்ளே போகும் என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள்.

அலகைப் பற்றிய கவனம் வைட்டமின் டி-யில் உயிர்நாடி. 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். நாளொன்றுக்குத் தேவை 600 யூனிட். கண்காணிப்பில்லாமல் தினமும் எடுக்கத்தக்க மேல் எல்லை 4000 யூனிட். மருத்துவர் எழுதித்தரும் சாஷேயிலோ கேப்ஸ்யூலிலோ இருப்பது 60,000 யூனிட், அது வாரம் ஒன்று என்ற கணக்கில் சில வாரங்களுக்கு மட்டுமே. ஒருமுறை எட்டு சாஷே வாங்கிச் சென்ற பெரியவர் ஒருவர், ஒன்பதாம் நாளே மீண்டும் வந்து, "தீர்ந்துவிட்டது தம்பி, இன்னும் எட்டு கொடு" என்று கையை நீட்டினார். தினமும் பாலில் கலந்து குடித்திருக்கிறார், அதாவது ஒவ்வொரு நாளும் தேவையைப்போல் நூறு மடங்கு. வாய் உலர்கிறது, மலச்சிக்கலாக இருக்கிறது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். நான் எதுவும் கொடுக்காமல் அவரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே அனுப்பி, இரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னேன். சீட்டில் வாரம் ஒருமுறை என்றுதான் இருந்தது. நான் அட்டையின்மேல் தமிழில் எழுதிக் கொடுக்காமல் விட்டது என் தவறு. அன்றிலிருந்து ஒவ்வொரு சாஷேயின்மேலும் கிழமையைப் பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன். வீட்டில் நீங்களும் அப்படியே செய்யலாம்.

பி, சி வைட்டமின்களின் மிகுதி பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, உடலில் தங்கும். கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் அதிக அளவு வைட்டமின் ஏ எடுத்தால் கருவுக்குக் கேடு. புகைபிடிப்பவர்கள், காரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை அடைத்த மாத்திரையைத் தொடவே கூடாது. பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடத்திய ஆய்வு 1994-இல் வெளிவந்தபோது, அந்த மாத்திரையை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. காரட் தின்பது நல்லது என்பதிலிருந்து அதன் சாரத்தை அடைத்த மாத்திரையும் நல்லது என்று தாவிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: நேரமும் இடைவெளியும்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு புது மாத்திரையைத் தொடங்குங்கள். மூன்றைச் சேர்த்துத் தொடங்கி வயிறு கலங்கினால் எதனால் என்று தெரியாது.

இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும். குமட்டினால் உணவுக்குப் பின் எடுக்கலாம். எலுமிச்சைச் சாறோடு விழுங்கலாம், டீயோடும் பாலோடும் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலும் உடல் நன்றாக ஏற்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், தினமும் தாங்க முடியாதவர்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கால்சியமும் இரும்பும் ஒரே வேளையில் கூடாது, ஒன்றை ஒன்று தடுக்கும். காலையில் இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு கால்சியம் என்று பிரித்துவிடுங்கள். கால்சியத்தை ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தும் பயனில்லை. வைட்டமின் டி-யைக் கொழுப்புள்ள உணவுக்குப் பின் எடுக்க வேண்டும்.

மற்ற மருந்துகளோடு மோதல்தான் கடையில் நான் அடிக்கடி பிடிக்கும் பிழை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் அதிலிருந்து நான்கு மணி நேரம் கழித்தே இரும்போ கால்சியமோ எடுக்க வேண்டும். இல்லையென்றால் தைராய்டு மருந்து வீணாகி, அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டு குறையும்போது உயரும் அளவு) ஏறிவிட்டது என்று மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். சிப்ரோஃபிளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இதே தடை உண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் வைட்டமின் கே உள்ள எதையும் தானாகத் தொடங்கக்கூடாது. தலைமுடிக்காகப் பயோட்டின் என்னும் பி வைட்டமினைச் சாப்பிடுபவர், தைராய்டு சோதனைக்கும் மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனைக்கும் முன்பாக அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது அந்த முடிவுகளைப் பொய்யாக்கிவிடும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் மாதக்கணக்கில் எடுப்பதும் ஆபத்து. இரத்தசோகை சரியானதுபோல் தெரியும், பி12 இல்லாத நரம்புகள் உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

பொடி டப்பாக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 வழிகாட்டியே தசை வளர்க்கப் புரதப் பொடி வேண்டாம் என்கிறது; முதல் படியில் போட்ட கணக்கு காரணத்தையும் சொல்லிவிடும். மால்ட் பானங்களில் முதலில் பார்க்க வேண்டியது, நூறு கிராமில் சர்க்கரை எத்தனை கிராம் என்பதைத்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஹெல்த் டிரிங்க் என்றொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதால், அந்தப் பிரிவிலிருந்து இத்தகைய பானங்களை நீக்கும்படி 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம் இணையவழி விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குபவர்களும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. பள்ளியில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையிலும் அதே அளவுதான். பல பிள்ளைகள் அதைச் சன்னல் வழியே எறிந்துவிட, பெற்றோர் என் கடைக்கு வந்து நானூறு ரூபாய்க்கு டானிக் கேட்கிறார்கள்.

ஆறாம் படி: நிறுத்தும் நாள்

மாத்திரையைத் தொடங்கும் அன்றே டப்பாவின் மூடியில் இரண்டு தேதிகளை எழுதுங்கள்: மறுபரிசோதனை நாள், நிறுத்தும் நாள். இரும்பு எடுப்பவருக்கு நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரை சேரவில்லை, அல்லது இரத்தம் எங்கோ போகிறது, அல்லது குறை இரும்பில் இல்லை. இயல்பு அளவை எட்டிய பிறகும் கையிருப்பு நிறைய ஏறத்தாழ மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள், நன்றாக இருக்கிறதே என்று பாதியில் விடுபவர்களுக்குத்தான் ஆறு மாதத்தில் மறுபடி இறங்குகிறது. வைட்டமின் டி-க்கு மூன்று மாதம் கழித்து ஒரு சோதனை போதும். முழுச் சைவர்களும், குடல் அறுவை செய்துகொண்டவர்களும், மெட்ஃபார்மினைத் தொடர்பவர்களும் பி12-ஐ நீண்ட காலம் எடுக்க வேண்டியிருக்கலாம். அவர்களுக்கு நிறுத்தும் நாளுக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் நாள் இருக்கும்.

இரும்பு மாத்திரை பார்ப்பதற்கு மிட்டாய்போல் இருக்கும், சிலவற்றுக்குச் சர்க்கரைப் பூச்சும் உண்டு. சிறு குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைச் சாப்பாட்டு மேசையிலோ சாமி மாடத்திலோ வைக்காமல், பீரோவின் மேல்தட்டில் பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கியது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், மிச்சமிருக்கும் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.